மூடிப்போன சாஃப்ட்வேர் அக்கவுண்ட்: திரும்ப வாங்கறதா, புதுசா ஆரம்பிக்கறதா, விட்டுட்டு போறதா

போன வைகாசில ஒரு வெள்ளிக்கெழம, காலைல கடைய தொறந்து சிஸ்டத்த ஆன் பண்ணா ஃபோட்டோ எடிட் பண்ற சாஃப்ட்வேர் உள்ளயே போகல, சப்ஸ்க்ரிப்ஷன் முடிஞ்சிடுச்சி, அக்கவுண்ட் மூடியாச்சுன்னு ஒரு பெட்டி மட்டும் வந்து நின்னுச்சி. வேலூர் சத்துவாச்சாரில சின்ன ஸ்டுடியோ எங்களுது, நானும் மச்சானும்தான், கூட ஒரு பையன். அன்னைக்கு மூணு கல்யாண ஆல்பம் பாதில நிக்குது, அதுல பள்ளிகொண்டா பார்ட்டிக்கு அடுத்த வியாழக்கெழம பிரிண்ட் போடற லேபுக்கு ஃபைல் போயாகணும். கேமராலேர்ந்து எறக்கின ரா ஃபைலெல்லாம் ஹார்ட் டிஸ்க்ல பத்திரமா இருக்கு, ஆனா செலக்ஷன் போட்டது, கலர் பண்ணது, பக்கம் பக்கமா அடுக்கி வெச்ச ஆல்பம் ஃபைல் எல்லாமே அந்த கம்பெனியோட க்ளவுட்ல, அதாவது நெட் வழியா அவங்க கம்ப்யூட்டர்ல, அதுக்கு சாவி அந்த அக்கவுண்ட்.

அதுக்கப்புறம் பதினோரு நாள் அலைஞ்சோம். கேள்விப்பட்டவங்க ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு வழி சொன்னாங்க, புது அக்கவுண்ட் போட்டுடுன்னு ஒருத்தர், பேங்க்ல சொல்லி பணத்த திரும்ப வாங்குன்னு ஒருத்தர், கன்ஸ்யூமர் கோர்ட்டுக்கு போன்னு ஒருத்தர், ஃப்ரீ சாஃப்ட்வேருக்கு மாறிடு எதுக்கு மாசாமாசம் அழுவறன்னு இன்னொருத்தர். ஏறக்குறைய எல்லாத்தயும் முயற்சி பண்ணோம், ஆனா தப்பான வரிசைல பண்ணோம், அந்த வரிசை சரியா இருந்திருந்தா ரெண்டு மூணு நாள்ல முடிஞ்சிருக்கும். அதான் ஒவ்வொரு வழியும் என்ன குடுக்கும், என்ன எடுத்துக்கும்னு பக்கத்துல பக்கத்துல வெச்சி எழுதறேன், இதே மாதிரி காலைல அந்த பெட்டிய பாத்துட்டு நிக்கறவங்களுக்காக.

எந்த வழின்னு பேசறதுக்கு முன்னாடி ஒன்னு முடிவு பண்ணிக்கணும். உங்களுக்கு அந்த அக்கவுண்ட் வேணுமா, இல்ல அதுக்குள்ள இருக்கற ஃபைல் மட்டும் வேணுமா? நாங்க நாலு நாள் வரைக்கும் இத கேட்டுக்கவே இல்ல. அக்கவுண்ட்ட மீக்கணும் மீக்கணும்னே ஓடிகினு இருந்தோம், உண்மைல எங்களுக்கு வேண்டியிருந்தது அந்த மூணு ஆல்பம் ஃபைலும், அதுக்கு முந்தின வருஷங்களோட வேலையும்தான். ஃபைல் மட்டும்தான் வேணும்னா ஒரே ஒரு மாசம் தொறந்தா போதும், எடுத்துகினு வெளிய வந்துடலாம். உள்ள ஒன்னுமே இல்ல, சாஃப்ட்வேர் ஓடினா போதும்னா பழைய அக்கவுண்ட் பின்னாடி ஓட வேண்டியதே இல்ல.

ரெண்டாவது, எப்படி மூடினது அது? மூடிடுச்சுன்னு ஒரே வார்த்தைல சொல்லிடறோம், அதுக்குள்ள பல கதை இருக்கு. பணம் போகாம நின்னது ஒன்னு, நாமளே கேன்சல் பண்ணது ஒன்னு, ரூல மீறிட்டீங்கன்னு கம்பெனி பூட்டினது ஒன்னு, அக்கவுண்ட் நல்லாத்தான் இருக்கு நமக்குத்தான் பாஸ்வேர்டோ ஓடிபியோ வரலங்கறது ஒன்னு, ஆஃபீஸோ காலேஜோ குடுத்த அக்கவுண்ட்ட அவங்க எடுத்துட்டது இன்னொன்னு. இதுல ஒன்னுக்கு சரியா வர்ற வழி இன்னொன்னுக்கு வராது. எங்களுது மொத வகையும் நாலாவது வகையும் ஒன்னா சேந்தது, அதாவது பணமும் போகல, உள்ள போறதுக்கு ஓடிபியும் எங்க கைக்கு வரல.

பணம் ஏன் போகலன்னு கண்டுபிடிக்கவே ஒரு நாள் ஆச்சி, பேங்க் அக்கவுண்ட்ல காசு இருந்துச்சி. நடந்தது என்னன்னா மச்சானோட டெபிட் கார்டு தேதி முடிஞ்சி பேங்க்ல புதுசு அனுப்பிட்டாங்க, அவரும் ஏடிஎம்ல போட்டு பாத்துட்டு வேலை செய்யுதுன்னு வெச்சிட்டாரு. ஆனா 2020 ஜனவரில ரிசர்வ் பேங்க் போட்ட உத்தரவுப்படி புதுசா குடுக்கற கார்டு உள்நாட்டு ஏடிஎம்லயும் கடை மெஷின்லயும் மட்டும்தான் ஓடும், ஆன்லைன் பேமெண்ட்டும் வெளிநாட்டு பேமெண்ட்டும் நாமளே ஆப்ல போய் ஆன் பண்ணாதான் ஓடும். அதுக்கு மேல 2021 அக்டோபர் 1லேர்ந்து தானா புடிக்கற பணத்துக்குன்னு தனி ரூல் இருக்கு, மொத தடவ ஓடிபி போட்டு ஒப்புதல் குடுத்திருக்கணும், பணம் எடுக்க 24 மணி நேரம் முன்னாடி நமக்கு தகவல் வரணும், 15,000 ரூபாய தாண்டினா ஒவ்வொரு தடவையும் ஓடிபி. பழைய கார்டுக்கு குடுத்த ஒப்புதல் அந்த கார்டோட போச்சி, புதுக்கார்டுக்கு யாரும் குடுக்கல. கம்பெனி நாலு தடவ பணம் எடுக்க பாத்து முடியாம மெயில் மேல மெயில் அனுப்பியிருக்கு, அந்த மெயில் போன இடத்த யாரும் பாக்கல. அது ஏன்னு பின்னாடி சொல்றேன்.

இனி வழிங்க. மொத வழி, அதே அக்கவுண்ட்டுக்குள்ள போயி பணத்த கட்டி தொறக்கறது. பணம் போகாம நின்னதுக்கும் நாமளே கேன்சல் பண்ணதுக்கும் இதான் முதல்ல பாக்க வேண்டியது, இதவிட சீக்கிரமான வழி வேற இல்ல, கட்டின அஞ்சாவது நிமிஷம் ஃபைல் கண்ணு முன்னாடி வந்துடும். செலவுன்னு பாத்தா ஒரு மாசத்து பணம், அதுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஆனா ரெண்டு விஷயத்துல ஜாக்கிரதையா இருக்கணும். பழைய ஆஃபர் விலை திரும்ப வராது, இன்னைக்கு என்ன விலையோ அதான். இன்னொன்னு, அவசரத்துல நாம அமுக்கற ப்ளான் பேருக்கு மாசப்ளான், உள்ள படிச்சா வருஷத்துக்கு ஒப்பந்தம், பணம் மட்டும் மாசாமாசம்னு இருக்கும், நடுவுல நிறுத்தினா மிச்ச மாசத்துக்கு ஒரு பங்கு கட்டணும்னு போட்டிருப்பாங்க. ஃபைல் எடுக்கறதுக்காக ஒரு மாசம் தொறக்கறவங்க கொஞ்சம் விலை கூட இருந்தாலும் எப்ப வேணா நிறுத்தற மாசப்ளானத்தான் எடுக்கணும். பணம் கட்ட கார்டவிட யூபிஐ ஆட்டோபே இருந்தா அதயே போடுங்க, கார்டு மாறினாலும் அறுந்து போகாது, வேணாம்னா ஃபோன்ல அந்த ஆப்லயே நிறுத்திடலாம்.

இந்த வழிக்கு ஒரே நிபந்தனை, லாகின் உள்ள போகணும். எங்களுக்கு அங்கதான் முட்டுச்சி.

2019ல கடைல ஒரு தம்பி வேலை பாத்தான், ரொம்ப நல்ல பையன், கம்ப்யூட்டர் விஷயமெல்லாம் அவன்தான். ஸ்டுடியோ பேர்ல ஒரு ஜிமெயில் போட்டு அந்த மெயில்லதான் சாஃப்ட்வேர் அக்கவுண்ட்டயும் தொறந்து குடுத்தான், ஃபோன் நம்பர் கேட்டதுக்கு தன்னோட நம்பரயே போட்டுட்டான், அப்ப அதுல தப்பு ஒன்னும் தெரியல. மூணு வருஷம் முன்னாடி ஓசூர்ல வேலை கெடச்சி போயிட்டான், போன எடத்துல புது நம்பர் வாங்கிட்டான், பழைய சிம்முக்கு ரீசார்ஜ் பண்றத விட்டுட்டான். இங்க எல்லா சிஸ்டத்துலயும் சாஃப்ட்வேர் லாகின் ஆயே இருந்ததால ஒரு நாளும் பாஸ்வேர்டு தேவப்படல, மெயில யாரும் தொறக்கல, பணம் போகலன்னு வந்த மெயிலெல்லாம் அங்கயே கெடந்திருக்கு.

இதுல பல பேருக்கு தெரியாத விஷயம், விட்டுப்போன மொபைல் நம்பர் அப்படியே காத்துகினு இருக்காது. நம்பர் கட் ஆகி குறைஞ்சது 90 நாள் கழிச்சி கம்பெனி அத வேற ஒருத்தருக்கு குடுக்கலாம். அதனால நம்ம ஓடிபி யாரோ முன்ன பின்ன தெரியாதவங்க ஃபோனுக்கு போகும். நாங்களும் அந்த நம்பருக்கு கூப்ட்டு பாத்தோம், ஆரணி பக்கத்துலேர்ந்து ஒரு அம்மா எடுத்தாங்க, பாவம் அவங்களுக்கு ஒன்னும் புரியல. ஓடிபி வந்தா சொல்லுங்கம்மான்னு கேக்கலாம்னு மச்சான் சொன்னாரு, நான் வேணாம்னுட்டேன், ஓடிபிய யாருக்கும் சொல்லாதீங்கன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு இருக்கறப்ப அந்தம்மாவ நாமளே சொல்ல வெக்கறது சரியில்ல. சிம் இன்னும் சாகாம, தொலஞ்சோ உடைஞ்சோ போயிருந்தா மட்டும் கதை வேற, அடையாள அட்டையோட சிம் யார் பேர்ல இருக்கோ அவரு கடைக்கு போனா அன்னைக்கே அதே நம்பர்ல புது சிம் குடுத்துடுவாங்க.

அப்ப ரெண்டாவது வழி, மெயில மீக்கறது. சாஃப்ட்வேர் அக்கவுண்ட்டுக்கு அடித்தளம் அந்த மெயில்தான், மெயில் கைக்கு வந்துட்டா பாஸ்வேர்டு மாத்தற லிங்க் அதுக்கே வந்துடும். பல பேர் இத விட்டுட்டு சாஃப்ட்வேர் கம்பெனி கிட்டயே சண்டை போடறாங்க, நாங்களும் மொத ஆறு நாள் அதான் பண்ணோம். ஜிமெயில் மீக்கறதுக்கு கூகுளே சொல்ற சில விஷயம் இருக்கு, வழக்கமா எந்த கம்ப்யூட்டர்ல, எந்த இடத்துலேர்ந்து அந்த மெயில தொறப்பீங்களோ அங்கேர்ந்தே முயற்சி பண்ணணும், கேக்கற கேள்விய தாண்டி போகக்கூடாது, சரியா தெரியலன்னாலும் நெருக்கமான பதில போடணும், பழைய பாஸ்வேர்டு ஞாபகம் இருந்தா அத போடணும். நான் என் ஃபோன்லேர்ந்து வீட்டு வைஃபைல உக்காந்து இருபது தடவ போட்டேன், ஒவ்வொரு தடவையும் உங்கள உறுதிப்படுத்த முடியலன்னே வந்துச்சி. மச்சான்தான் கடைசில யோசிச்சி சொன்னாரு, அந்த மெயில் தொறந்தது பழைய சிஸ்டத்துல ஆச்சே, அது இன்னும் மாடில கெடக்குதேன்னு.

ஓசூர் தம்பிக்கு ஃபோன் போட்டேன். "இன்னாண்ணா, மொதல்லயே சொல்லக்கூடாதா, ஞாயித்துக்கெழம அணைக்கட்டு வர்றேன், நேரா கடைக்கு வந்துடறேன்"னான். வந்தான், பழைய சிஸ்டத்த தொடச்சி கடை நெட்லயே போட்டு உக்காந்தான், அவன் பழைய பாஸ்வேர்டுன்னு நெனச்ச மூணுல ரெண்டாவதுக்கு கதவு தொறந்துச்சி. அவன் கண்ணுல தண்ணி, எனக்கும்தான். ஆறு வருஷ வேலை உள்ள கெடந்துச்சி இல்ல. பைசா செலவில்லாத வழி இது, ஆனா நாள் புடிக்கும், கூட அக்கவுண்ட்ட தொறந்தவரோட மனசும் ஒத்துழைப்பும் வேணும். மனஸ்தாபத்துல வெளிய போனவர்னா இந்த வழியே அடைபட்டுடும்.

மூணாவது வழி, கம்பெனி சப்போர்ட்டுக்கு எழுதறது. மெயிலும் நம்பரும் ரெண்டுமே போயிட்டவங்களுக்கும், ரூல மீறினதா சொல்லி மூடப்பட்டவங்களுக்கும் இத விட்டா வழி இல்ல. நான் மொத தடவ நடந்த கதையெல்லாம் கொட்டி ஒரு பக்கத்துக்கு எழுதினேன், ஒரு மணி நேரத்துல வந்த பதில் எல்லாருக்கும் போற அதே பதில், பாஸ்வேர்டு மறந்துட்டீங்களா இங்க அமுக்குங்கன்னு. ரெண்டாவது தடவ வேற மாதிரி எழுதினேன், அக்கவுண்ட் மெயில், மொதல்ல வாங்கின மாசம், ப்ளான் பேரு, கடைசியா பணம் போன தேதி, தொகை, கார்டோட கடைசி நாலு நம்பர், பேங்க் ஸ்டேட்மெண்ட்ல கம்பெனி பேரு எப்படி விழுந்திருக்கோ அப்படியே, ஜிஎஸ்டி பில் நம்பர். பத்து வரிதான். ரெண்டு நாள்ல ஒரு ஆள் படிச்சி பதில் போட்டாரு, மெயில் உரிமைய நிரூபிக்காம லாகின் குடுக்க மாட்டோம், ஆனா ஃபைல் இன்னும் இருக்கு, இந்த தேதி வரைக்கும் அழிக்க மாட்டோம்னு. அந்த தேதி தெரிஞ்சதுதான் பெரிய நிம்மதி. அதனால நான் சொல்றது, சப்போர்ட்ட தனி வழியா நெனக்காம மத்த எந்த வழிக்கு போறதா இருந்தாலும் மொத நாளே ஒரு டிக்கெட், அதாவது சப்போர்ட்ல நம்பரோட பதிவாகற புகார், போட்டுடுங்க, கேக்க வேண்டிய மொத கேள்வி ஃபைல் எத்தன நாள் இருக்கும்ங்கறதுதான். ரூல மீறினதா மூடியிருந்தா எந்த ரூல்னு கேட்டு எழுத்துல வாங்கிட்டு ஒரே ஒரு மேல்முறையீடு தெளிவா போடறது, ஒரே விஷயத்துக்கு பத்து டிக்கெட் போட்டா வரிசைல பின்னாடிதான் போவோம்.

நாள் கணக்கு எல்லா இடத்துலயும் ஒன்னு இல்ல, அதான் பயம். ஆஃபீஸ், காலேஜுக்கு குடுக்கற கூகுள் வொர்க்ஸ்பேஸ்ல அட்மின் ஒரு யூசர டெலீட் பண்ணிட்டா 20 நாளுக்குள்ள மீட்டாகணும், மைக்ரோசாஃப்ட் 365ல அதுக்கு 30 நாள். தனி ஆள் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ட நாமளே மூடினா 30 நாளா 60 நாளான்னு மூடறப்பவே கேக்கும், அதுக்குள்ள திரும்ப லாகின் பண்ணா மூடறது ரத்தாயிடும். ரெண்டு வருஷம் யாரும் தொடாத தனிநபர் கூகுள் அக்கவுண்ட்ட அழிச்சிடுவோம்னு 2023 மே மாசம் அறிவிச்சி டிசம்பர்லேர்ந்து ஆரம்பிச்சாங்க. உங்க கம்பெனியோட கணக்கு என்னன்னு அவங்க உதவி பக்கத்துல தேடி காலண்டர்ல குறிங்க.

இங்க ஒரு எச்சரிக்கை, இத படிக்காம தாண்டிடாதீங்க. கம்பெனி பேரப்போட்டு கஸ்டமர் கேர் நம்பர்னு தேடினா மேல வர்ற நம்பர் நெறய திருட்டு நம்பரு. எங்க பையன் ஆர்வத்துல ஒன்னுக்கு கூப்ட்டுட்டான், எடுத்தவன் நல்ல தமிழ்ல பேசறான், அக்கவுண்ட்ட உடனே தொறந்து தர்றேன், ஃபோன்ல ஒரு ஆப் ஏத்துங்க, பத்து ரூபா மட்டும் அனுப்புங்கன்னு. அந்த ஆப் நம்ம ஸ்க்ரீன அவன் பாக்கறதுக்கான ஆப்பு, பத்து ரூபா அனுப்பறப்ப பின் நம்பர பாத்துக்குவான். நல்லவேளை நான் பக்கத்துல இருந்து ஃபோன வாங்கி கட் பண்ணேன். சாஃப்ட்வேருக்குள்ள இருக்கற உதவி பட்டன், இல்ல நம்ம கிட்ட இருக்கற பழைய பில்லுல அச்சடிச்ச இணையதளம், இந்த ரெண்டு வழியா மட்டும் போங்க. பணம் போயிடுச்சுன்னா ஒரு நிமிஷம் தள்ளாம சைபர் மோசடி உதவி எண் 1930க்கு கூப்டணும்.

நாலாவது, புது அக்கவுண்ட். பத்து நிமிஷ வேலை, கேக்கவே சுகமா இருக்கும். ஆனா புது அக்கவுண்ட்ல பழைய க்ளவுட் வராது, அது புது வீட்டு சாவி, பழைய வீட்டு பீரோ அங்கயேதான் இருக்கும். நாங்க அஞ்சாவது நாள் இதத்தான் பண்ணோம், வேற வழி தெரியல. பள்ளிகொண்டா ஆல்பத்த ரா ஃபைல்லேர்ந்து மறுபடி மொதல்லேர்ந்து போட்டோம், ரெண்டாயிரத்து சொச்சம் ஃபோட்டோ, செலக்ஷன், கலர், பக்கம், நாலு ராத்திரி நானும் மச்சானும் மாத்தி மாத்தி. பொண்ணோட அப்பா புதன்கெழம கடைக்கு வந்தாரு, உள்ளத அப்படியே சொன்னோம், கொஞ்ச நேரம் பேசாம உக்காந்துட்டு, "சரிப்பா, மூணு நாள் தள்ளிக்கோ, ஆனா என் பொண்ணு தாலி கட்டறப்ப அவ பாட்டி அழுவுற ஃபோட்டோ ஒன்னு காட்டினியே, அது மட்டும் உட்டுடாத"ன்னு சொல்லிட்டு போனாரு. அந்த ஃபோட்டோவ தேடி எடுத்து முழுப்பக்கம் வெச்சோம். பணத்த கணக்கு பண்ணா புது அக்கவுண்ட் மலிவு, அந்த நாலு ராத்திரிய கணக்குல சேத்தா அதான் எல்லாத்தயும்விட காஸ்ட்லி.

ஆனா சில பேருக்கு இதான் சரி. ராணிப்பேட்டைல ஷூவோட மேல்பாகம் தச்சி குடுக்கற ஒரு யூனிட்ல கணக்கு பாக்கற அக்கா ஒருத்தங்க தெரியும், அவங்க பில்லிங் சாஃப்ட்வேர் அக்கவுண்ட் இதே மாதிரி மூடிப்போச்சி, அன்னைக்கே லோடு கெளம்பணும், பில் இல்லாம வண்டி போகாது, ஒரு மணி நேரத்துல புதுசு தொறந்து பில் போட்டுட்டாங்க. சரியான முடிவுதான், ஆனா அதோட நின்னிருந்தா மாட்டியிருப்பாங்க. ஜிஎஸ்டி சட்டப்படி ஒரு வருஷத்து கணக்க அந்த வருஷத்து ஆண்டு ரிட்டர்ன் கடைசி தேதிலேர்ந்து 72 மாசம் வெச்சிருக்கணும், அதாவது ஆறு வருஷம். பழைய பில்லெல்லாம் மூடின அக்கவுண்ட்ல இருந்துச்சி. அதனால புதுசுல வேலைய ஓட்டிகினே பழசுக்கும் டிக்கெட் போட்டு, ஒரு மாசம் பணம் கட்டி தொறந்து, எல்லாத்தயும் எக்செல்லா இறக்கி ரெண்டு எடத்துல வெச்சாங்க. அவங்க பண்ணது எங்களவிட தெளிவு. புது பில் நம்பர பழசோட இடிக்காம வேற வரிசைல ஆரம்பிச்சதும் அவங்களுக்கு உதவுச்சி.

காலேஜ் அக்கவுண்ட் தனி கதை. எங்க தெருவுல ஒரு பொண்ணு காட்பாடி பக்கம் இன்ஜினியரிங் முடிச்சா, ப்ராஜெக்ட் டிராயிங்கெல்லாம் மாணவர்களுக்கு ஃப்ரீயா குடுக்கற சாஃப்ட்வேர்ல, காலேஜ் மெயில்ல. படிப்பு முடிஞ்சி சில மாசத்துல காலேஜ்ல மெயில மூடிட்டாங்க, இன்டர்வியூவுக்கு டிராயிங் காட்டணும். இதுல சாஃப்ட்வேர் கம்பெனிக்கு எழுதி பிரயோஜனமில்ல, பணம் கட்டறேன்னாலும் நடக்காது, ஏன்னா அந்த அக்கவுண்ட்டுக்கு சொந்தக்காரங்க காலேஜ்தான். நேரா காலேஜ் கம்ப்யூட்டர் செக்ஷனுக்கு போயி டிபார்ட்மெண்ட் சார் கையெழுத்தோட ஒரு லெட்டர் குடுத்தா, அஞ்சு நாள் தொறந்து விட்டாங்க. ஆஃபீஸ் அக்கவுண்ட்டும் அதே மாதிரிதான், அட்மின் கையில இருக்கு, அவரு நெனச்சா மேல சொன்ன 20 நாள் 30 நாள் கணக்குக்குள்ள திரும்ப கொண்டாரலாம். வேலை விட்டு பத்து நாள்ல கேட்டா நடக்கற வேலை ரெண்டு மாசம் கழிச்சி கேட்டா நடக்காது.

அஞ்சாவது, பேங்க்ல தகராறு போட்டு, அதாவது அந்த பணம் எடுத்தத ஒத்துக்கலன்னு புகார் குடுத்து, பணத்த திரும்ப வாங்கறது. பக்கத்து கடை அண்ணன் ரொம்ப வற்புறுத்தினாரு. நமக்கு தெரியாம பணம் போயிருந்தா, கேன்சல் பண்ண பிறகும் எடுத்திருந்தா, இது நம்ம உரிமை, தயங்கவே கூடாது. ஆனா ஃபைல் உள்ள மாட்டிகினு இருக்கறப்ப இத மொதல்ல பண்ணா சிக்கல், பேங்க்லேர்ந்து தகராறு வந்த அக்கவுண்ட்ட கம்பெனிங்க பூட்டிடற வழக்கம் உண்டு, அப்ப பணம் கட்டி தொறக்கற மொத வழியும் அடைபட்டுடும். ஃபைல வெளிய எடுத்துட்டு அப்புறம் பேங்க்குக்கு போங்க.

சட்ட வழி. எங்களுக்கு தேவப்படல, ஆனா விசாரிச்சி வெச்சிருக்கேன். 2020ல வந்த ஈ-காமர்ஸ் ரூல்ஸ்படி ஆன்லைன்ல விக்கறவங்க குறைதீர்க்கும் அதிகாரி ஒருத்தர வெச்சி, புகார் வந்த 48 மணி நேரத்துல கெடச்சுதுன்னு சொல்லணும், ஒரு மாசத்துல தீர்வு குடுக்கணும். அவரு பேரும் மெயிலும் இணையதளத்துல இருக்கணும், சப்போர்ட் டிக்கெட் நகரலன்னா அதே பத்து வரிய அவருக்கு அனுப்பலாம். அடுத்தது 1915, தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழ்லயே பேசலாம், காசு இல்ல. கேன்சல் பட்டன ஒளிச்சி வெச்சி இழுத்தடிக்கறது, சப்ஸ்க்ரிப்ஷன்ல மாட்டி வெக்கறது, இதெல்லாம் 2023 நவம்பர்ல மத்திய அரசு தடை பண்ண 13 ஏமாத்து வகைல ஒன்னு, புகார்ல அத குறிப்பிடலாம். அதுக்கும் மேல மாவட்ட நுகர்வோர் ஆணையம், 2019 சட்டத்துல கம்பெனி பெங்களூர்ல இருந்தாலும் வேற எங்க இருந்தாலும் நாம குடியிருக்கற ஊர்லயே கேஸ் போடலாம், வேலூர்லயே போடலாம், குடுத்த பணம் 5 லட்சத்துக்குள்ளன்னா ஃபீஸ் கிடையாது, பிரச்சனை வந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். வியாபாரத்துக்கு வாங்கினது செல்லாதுன்னு எதிர்த்தரப்பு சொல்லலாம், ஆனா சொந்தமா தொழில் பண்ணி பொழைக்கறவங்கள சட்டம் நுகர்வோராத்தான் பாக்குது, எங்கள மாதிரி ரெண்டு பேர் ஸ்டுடியோவுக்கு அது பெரிய ஆதரவு. ஆனா வியாழக்கெழம லேபுக்கு அனுப்ப வேண்டியவனுக்கு இது உதவாது, மாசக்கணக்குல போற வழி. பெரிய நஷ்டம் ஆனவங்களுக்கும், பணத்தயும் வாங்கிட்டு ஃபைலயும் அழிச்சிட்ட கம்பெனிக்கு எதிராவும் போக வேண்டிய வழி.

கடைசியா, விட்டுட்டு போறது. டார்க்டேபிள், ஜிம்ப், இங்க்ஸ்கேப், ஸ்க்ரைபஸ் எல்லாம் ஃபோட்டோ, டிசைன் வேலைக்கான காசில்லாத சாஃப்ட்வேரு, அக்கவுண்ட்டே வேணாம், யாரும் மூட முடியாது. அந்த நாலு ராத்திரில ஒரு ராத்திரி எனக்கு அந்த நெனப்புதான். இப்ப பையன டார்க்டேபிள் கத்துக்க சொல்லியிருக்கேன், பர்த்டே ஃபங்ஷன் வேலையெல்லாம் அதுலயே பண்றான், நல்லாவே வருது. ஆனா ஒரு சாஃப்ட்வேர்ல பண்ண கலர் வேலை இன்னொன்னுல அப்படியே வராது, லேயர் ஃபைல் தொறந்தாலும் எழுத்தும் எஃபெக்டும் கொலஞ்சி வரும், கை பழக ரெண்டு மூணு மாசம் வேணும். சீசன் நடுவுல மாறவே கூடாது. ஆடி மாசம் முகூர்த்தம் இல்லாம கடை சும்மா இருக்கும் பாருங்க, அதுதான் மாறறதுக்கு நேரம்.

எல்லாத்தயும் பாத்துட்டு இன்னைக்கு எனக்கு இந்த நெலம திரும்ப வந்தா என்ன பண்ணுவேன்னா, காலைல பெட்டிய பாத்த ஒடனே டிக்கெட் போட்டு ஃபைல் அழியற தேதிய கேப்பேன், மத்தியானத்துக்குள்ள மெயில் யார் கையில, நம்பர் யார் கையிலன்னு பாத்து அந்த ஆளுக்கு ஃபோன் போடுவேன், பழைய சிஸ்டத்துல உக்காந்து மெயில மீப்பேன், ஒரு மாசத்துக்கு மட்டும் பணம் கட்டி தொறந்து எல்லாத்தயும் வெளிய எடுப்பேன், அதுக்கப்புறம்தான் இருக்கறதா போறதான்னு முடிவு. ரெண்டு நாள்ல மெயில் வராதுன்னு தெரிஞ்சா அன்னைக்கே புது அக்கவுண்ட் போட்டு அவசர வேலைய மட்டும் அதுல ஓட்டிகினு, பழசுக்கு பின்னாடி பொறுமையா போவேன். கேஸு, பேங்க் தகராறு எல்லாம் ஃபைல் கைக்கு வந்த பிறகு.

ஞாயித்துக்கெழம மெயில் கெடச்சி, அன்னைக்கு சாயங்காலமே மச்சான் கார்டுல ஆன்லைன ஆன் பண்ணி ஒரு மாசப்பணம் கட்டினோம், அக்கவுண்ட் தொறந்துச்சி, மத்த ரெண்டு ஆல்பமும் விட்ட எடத்துலயே இருந்துச்சி, அஞ்சாவது நாள் தொறந்த புதுச திங்கக்கெழம நிறுத்திட்டோம். எல்லா ஃபைலயும் இறக்க செவ்வாய்க்கெழம காலைல வரைக்கும் ஆச்சி, ரெண்டு ஹார்ட் டிஸ்க், ஒன்னு கடைல, ஒன்னு வீட்ல. கடைக்குன்னு தனியா ஒரு நம்பர் வாங்கி மெயில்லயும் சாஃப்ட்வேர்லயும் அதான் போட்டிருக்கு, மீட்பு மெயிலும் இப்ப எங்க கையிலயே இருக்கு. ஜிமெயில்ல பேக்கப் கோடுன்னு பத்து எட்டிலக்க நம்பர் குடுப்பான், ஒவ்வொன்னும் ஒரு தடவ ஓடிபி இல்லாம உள்ள விடும், அத பேப்பர்ல எடுத்து கல்லாப்பெட்டி அடில வெச்சிருக்கோம். சாஃப்ட்வேர இன்னும் விடல, ஆல்பம் வேலைக்கு அதுதான் கைக்கு ஒத்து வருது, இந்த ஆடில பையன் டார்க்டேபிள்ல ஒரு முழு கல்யாணம் போட்டு காட்டறேன்னு சொல்லியிருக்கான், அத லேப்ல பிரிண்ட் போட்டு பாத்துட்டு ரெனிவல் தேதிக்கு முன்னாடி முடிவு பண்ணுவோம்.